ஏறிப் போகும் காய்கறி, இறங்கி வரும் தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் கேரளாவுக்குள் நுழைய மூன்று சாலைகள் உண்டு. கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஒன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஒன்று. விடிவதற்கு முன்பே இந்தச் சாலைகளில் ஜீப்புகள் ஏற ஆரம்பித்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு ஜீப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கும்! அவர்களுக்கு முன்னும் பின்னும் காய்கறி லாரி, வாழைத்தார் லாரி, பால் வண்டி, திராட்சைப் பெட்டி ஏற்றிய வேன். சாயங்காலம் அதே ஜீப்புகள் கூலியோடு இறங்கி வரும். ஏலக்காய் மூட்டையும் மிளகு மூட்டையும் கூடவே வரும்.

அதே மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இன்னொன்றும் இறங்கி வருகிறது. தண்ணீர். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் காய்கறியும் இல்லை, வாழைத்தாரும் இல்லை.

ஆக, கேரளா தண்ணீர் தருகிறது, தமிழ்நாடு காய்கறி தருகிறது, கணக்கு சரி என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அணைக்குக் கீழே, பெரியாற்றின் கரையில், வல்லக்கடவு, வண்டிப்பெரியார், சப்பாத்து, உப்புத்தறை என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு அந்த அணை ஒரு பயம். இங்கே இருப்பவர்களுக்கு அந்த அணை இல்லாமல் போய்விடுமோ என்பது பயம். வியாபாரம் ஒரு சாலையில் போகிறது, இரண்டு பயங்களும் அதே சாலையில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் இருக்கிறது, கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது என்றால் எப்படி நடந்துகொள்வது? உலக நாடுகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்வியோடு தேனி மாவட்டம் 150 ஆண்டுகளுக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறது.

சற்றே பின்னோக்கிப் போவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் மதுரை ஜில்லா, அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். திருவிதாங்கூரின் வருமானத்தில் பெரும் பங்கு ஏகபோகங்களிலிருந்து வந்தது. மிளகு, புகையிலை, உப்பு, ஏலக்காய் எல்லாம் சர்க்கார் சரக்கு. ஏலமலையில் ஏலக்காய் பயிரிட்டவர்களில் கணிசமானோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போன குடியானவர்கள். ஆனால் விளைந்த காயைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர அவர்களுக்கு உரிமை கிடையாது. சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும், சர்க்கார் ஒரு பங்கை விலையாகக் கொடுக்கும், சரக்கு ஆலப்புழைக்குப் போய் ஏலம் போகும். கீழே இறங்கினால் முழு விலை கிடைக்கும் என்று தெரிந்தவனுக்கு என்ன தோன்றும்? இரவில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுவழியில் இறங்கத்தான் தோன்றும். அதைத் தடுக்கச் சமஸ்தானம் சவுக்கைகளும் காவலும் வைத்தது. அந்தக் காலத்தில் எல்லைப் பாதுகாப்பு என்றால் படை அல்ல, ஏலக்காய் மூட்டையைப் பிடிக்கிற சேவகன்தான்!

இந்த நிலைமை கொஞ்சம் தளர்ந்தது டி. மாதவராவ் திவானாக இருந்தபோது (1858 முதல் 1872 வரை). மிளகு, புகையிலை ஏகபோகங்கள் அவர் காலத்தில் கைவிடப்பட்டன. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியச் சரக்குக்கு எல்லையில் வாங்கிய சுங்கத்தைச் சமஸ்தானங்கள் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டும், உப்பின் விலையைப் பிரிட்டிஷ் விலைக்குச் சமமாக்க வேண்டும், நஷ்டத்துக்கு ஈடாக ஒரு தொகை பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உப்பு ஏன் இதில் வந்தது? சமஸ்தானத்தில் உப்பு மலிவாக இருந்தால் அது மலை தாண்டி வந்து பிரிட்டிஷ் உப்பு வரியைக் கெடுக்கும் அல்லவா? தாராள வணிகம் பேசுகிற வல்லரசு தன் வருமானம் என்று வரும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதே சமயத்தில்தான் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்புவது பற்றிய பேச்சும் தொடங்கியது. யோசனை அதற்கும் பழையது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை இதை ஆராய்ந்தார் என்பார்கள். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1862-ல் மதறாஸ் அரசு திருவிதாங்கூரோடு பேச்சைத் தொடங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. இடையில் 24 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் 1876-78 பஞ்சம் வந்தது. மதறாஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகு மதறாஸின் அவசரம் கூடியதில் ஆச்சரியம் இல்லை.

ஒப்பந்தத்தின் விவரங்கள் பலருக்கும் தெரிந்தவையே. 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய், 999 ஆண்டுக் குத்தகை. திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்கார் கையெழுத்திட்டார். அப்போது மகாராஜா மூலம் திருநாள். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு விஷயம் உண்டு. இந்த 40,000 ரூபாய் எப்படிக் கொடுக்கப்பட்டது?

திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பிரிட்டிஷாருக்குச் சுமார் 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. 1795, 1805 உடன்படிக்கைகளின்படி அது பாதுகாப்புக்கான கட்டணம். கம்பெனியின் படை சமஸ்தானத்தைக் காக்கும், சமஸ்தானம் அந்தப் படைக்குப் பணம் கட்டும். திப்பு சுல்தானின் படையெடுப்பைக் கண்ட ஒரு ராஜ்யம் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டது. பிறகு திப்பு போய்ச் சேர்ந்தார், கட்டணம் மட்டும் நிற்கவில்லை. தண்ணீர்க் குத்தகைப் பணம் இந்தக் கப்பத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது. அதாவது பாதுகாப்புக் கட்டணத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளுபடி! வணிகமும் பாதுகாப்பும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவுமாக நின்றது இங்கேதான். இரண்டு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசிய பேரம் இது என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம். காவல்காரனே குத்தகைக்காரனாகவும் வந்து நின்றால் வீட்டுக்காரன் எவ்வளவு பேரம் பேச முடியும்? கேரளத்தில் இந்த ஒப்பந்தம் பற்றி இன்றுவரை இருக்கும் மனக்குறையின் வேர் இது. அந்த மனக்குறையைத் தமிழர்கள் புரிந்துகொள்வதால் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

அதே நேரத்தில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அன்று மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், பஞ்சத்தில் காய்ந்த ஒரு பூமிக்கு வந்தது. பென்னிகுயிக் கட்டிய அணையை 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்து எழுப்பிய அணை. அங்கிருந்து தண்ணீர் சுரங்கம் வழியாக வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து, வைகைக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம். அதற்குக் கீழே திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனமும் குடிநீரும். பென்னிகுயிக்கின் படம் சாமி படங்களோடு மாட்டப்பட்டிருக்கும் வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

1886 ஒப்பந்தத்தில் நிலத்தின் அளவு இருந்தது, வாடகை இருந்தது, காலம் இருந்தது, சண்டை வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்பதும் இருந்தது. இல்லாதது ஒன்று. அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரிடம் சொல்வது, யார் வந்து பார்ப்பது, யார் முடிவு செய்வது என்பதைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. விலையைப் பேசியது, பயத்தைப் பேசவில்லை. அன்று அணைக்குக் கீழே பெரும்பாலும் காடு. பயப்பட ஆளே அதிகம் இல்லை! பின்னால் வந்த எல்லாத் தகராறுகளையும் இந்த ஒரு காலி இடத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதல் தகராறு பணத் தகராறுதான், அதனால் அது ஒழுங்காகத் தீர்ந்தது. 1930-களில் மதறாஸ் அரசு பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க விரும்பியது. பாசனத்துக்குத்தான் கொடுத்தோம், மின்சாரத்துக்கு அல்ல என்றது திருவிதாங்கூர். சர் சி.பி. ராமசாமி ஐயரின் காலம் அது. விஷயம் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. 1941-ல் அவர் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அப்போதும் பிரிட்டிஷ் ஆட்சிதான், இருந்தும் மாகாணம் தோற்றது, சமஸ்தானம் ஜெயித்தது. ஒப்பந்தத்தில் நடுவர் என்ற ஒரு வரி இருந்ததன் பலன்.

இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தபோதும் மலையில் வியாபாரம் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் வெளியுலகம் போனதே போடி வழியாகத்தான். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில், அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும், பிறகு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் அந்தச் சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் பாதுகாப்புக்குப் போடியின் வணிகம் இரும்பாகக் கொடுத்த கப்பம் என்று சொல்லலாம். 1950-களில் மீண்டும் ரயில் ஓடியது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் திரும்ப வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லை மாறவில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆட்சி மாறியது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் திரளாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவோடு போயின. அணை இருக்கும் இடமும் அதில்தான். அந்த வருத்தம் இந்தப் பக்கம் இன்னும் ஆறவில்லை. 1886 பற்றிய மனக்குறை அவர்களுக்கு, 1956 பற்றிய மனக்குறை இவர்களுக்கு.

1960-களில் வேறொரு விதமான பாதுகாப்பு வந்தது, உணவுப் பாதுகாப்பு. மாநிலத்தை விட்டு அரிசி வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு. கேரளாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு, பள்ளத்தாக்கில் இருபோக நெல். நூறு வருடத்துக்கு முன்னால் ஏலக்காய் இறங்கிய அதே காட்டுப் பாதைகளில் இப்போது அரிசி ஏறியது! சேவகன் இருந்த இடத்தில் செக்போஸ்ட். ரேஷன் அரிசி கடத்தல் என்று கம்பம்மெட்டுப் பக்கம் இன்றைக்கும் செய்தி வருவது அந்தக் கதையின் தொடர்ச்சிதான்.

1970 மே 29-ல் இரண்டு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. இங்கே மு. கருணாநிதி, அங்கே சி. அச்சுத மேனன். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, 30 ஆண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த பெரியாறு மின்நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது, அதற்குக் கேரளாவுக்குத் தனிக் கட்டணம். அணை நீரில் மீன்பிடிக்கும் உரிமை கேரளாவிடம் போனது. கொடுத்து வாங்கிய, கௌரவமான பேரம். காவல்காரன் குத்தகைக்காரன் கதை இதில் இல்லை, இரண்டு சமமான அரசுகள் பேசின. இந்தத் தகராறின் முழு வரலாற்றிலும் சிறந்த ஆவணம் எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதிலும் அந்தக் காலி இடம் காலியாகவே இருந்தது. மீனைப் பற்றிக்கூடப் பேசினார்கள், அணைக்குக் கீழே இருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசவில்லை. இதற்குள் அங்கே காடு போய் ஊர்கள் வந்திருந்தன.

ஒன்பதே ஆண்டுகள். 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்தச் செய்தி பெரியாற்றின் கரையில் இருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மத்திய நீர்வளக் கமிஷன் தலைவர் நவம்பரில் வந்து பார்த்தார். பலப்படுத்தும் வேலைகள் முடியும்வரை 152 அடி கொள்ளும் அணையில் 136 அடிக்கு மேல் தேக்குவதில்லை என்று ஏற்பாடானது. தமிழ்நாடு அணைக்கு மேலே கான்கிரீட் பாரம் ஏற்றியது, உள்ளே எஃகுக் கம்பிகளை இறக்கி நங்கூரமிட்டது, பின்புறம் கான்கிரீட் சுவர் அணைத்தது. வேலை முடிந்தது, மட்டத்தை உயர்த்து என்றது தமிழ்நாடு. பயம் தீரவில்லை என்றது கேரளா. கான்கிரீட்டை அளக்கக் கருவி இருக்கிறது, பயத்தை அளக்க?

2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றி 136-லேயே பூட்டுப் போட்டது. வழக்கு மறுபடியும் நீதிமன்றம் போனது. 2010-ல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் உயர்நிலைக் குழு அமைந்தது. அந்தக் குழுவின் அறிக்கை வருவதற்கு முன்பே 2011 வந்துவிட்டது.

2011-ல் இடுக்கிப் பகுதியில் அடிக்கடி சிறு நில அதிர்வுகள் பதிவாகின. நவம்பரில் அணை உடைவதை மையமாக வைத்து ஒரு திரைப்படம் வெளியானது, தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் குமுளியில் கைகலப்பு. தமிழ்நாட்டு வாகனங்கள் நிறுத்தப்பட்டன. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள், பலர் குடும்பத்தோடு காட்டுவழியாக நடந்து தேனி மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். செய்தி கீழே இறங்கியதும் பள்ளத்தாக்கு கொதித்தது. ஊர் ஊராகக் கிளம்பி, ஆயிரக்கணக்கில் லோயர் கேம்ப் நோக்கி நடந்தார்கள். போலீஸ் தடியடி, 144 தடை உத்தரவு. தமிழ்நாட்டின் வேறு ஊர்களில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. சபரிமலை சீசன் உச்சத்தில் இருந்த நேரம், ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளியை விட்டுச் செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போயின. கேரளாவுக்கு ஒரு காய்கறி போகக் கூடாது என்று பொருளாதார முற்றுகை. டிசம்பர் 15-ல் தமிழகச் சட்டசபையின் சிறப்புக் கூட்டம் தீர்மானம் போட்டது. நீர்மட்டத்தை 120 அடிக்குக் குறைக்க வேண்டும் என்று கேரளா கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த முற்றுகையை இன்று ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டும். கோபம் நியாயமானது. ஊர்க்காரப் பெண்கள் அடிபட்டு ஓடிவந்தால் எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? ஆனால் ஆயுதம் யார் மீது பாய்ந்தது? கேரளத்துச் சந்தைகளில் விலை ஏறியது உண்மை. அங்கே சாதாரணக் குடும்பங்கள் கூடுதல் விலை கொடுத்தன, ஆட்சியில் இருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இங்கே பறித்த காய் விலைபோகவில்லை. தக்காளியும் வாழையும் தீர்வு வரும்வரை காத்திருக்காது. ஏலக்காய் இன்னும் பறிப்பில் இருந்த மாதம் அது. பறிக்க ஆளில்லாமல் நின்ற தோட்டங்களில் பலவற்றின் உரிமையாளர்கள் போடியிலும் கம்பத்திலும் வீடு வைத்திருக்கும் தமிழர்கள். கூலிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்த தொழிலாளிக்கு யாரும் தினக்கூலி அனுப்பவில்லை. குமுளியில் நஷ்டப்பட்ட கடைக்காரர்களிலும் தமிழர்கள் நிறைய. எதிரியின் மடி என்று நினைத்துக் கை வைத்த இடத்தில் பாதி நம்முடைய மடியாக இருந்தது!

முற்றுகைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதும் ஒன்று உண்டு: அது நடந்திராவிட்டால் டெல்லி திரும்பிப் பார்த்திருக்காது என்பார்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சிகளில் குமுளி தெரிந்தது என்பது சரிதான். ஆனால் பின்னால் வந்த தீர்ப்பு சாலையில் நின்ற லாரிகளை எண்ணி எழுதப்பட்டதல்ல. ஆனந்த் குழு பொறியாளர்களை வைத்துப் பல சோதனைகள் நடத்தி 2012 ஏப்ரலில் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. 2014 மே 7-ல் நீதிபதி லோதா தலைமையிலான அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் 2006 சட்டத்தைச் செல்லாது என்றது, 142 அடிக்கு அனுமதி தந்தது. கூடவே மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தது. மத்திய அரசின் சார்பில் ஒருவர், இரண்டு மாநிலங்களின் சார்பில் ஒவ்வொருவர்.

தமிழ்நாட்டில் எல்லோரும் 142 என்ற எண்ணைக் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்று நாற்காலிகள்தான் உண்மையில் புதியவை. 128 ஆண்டுகளாகக் காலியாக இருந்த இடத்தில் முதல்முறையாக நிரந்தரமான ஓர் ஏற்பாடு வந்தது. கீழே இருப்பவரின் பயத்துக்கும் அங்கே ஒரு நாற்காலி, மேலே தண்ணீர் தேக்குபவரின் உரிமைக்கும் ஒரு நாற்காலி. 2014 நவம்பரில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. 2011 போன்ற கலவரம் வரவில்லை, மூன்று சாலைகளும் திறந்தே இருந்தன.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் இந்த ஏற்பாடு கடுமையான சோதனைக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக 139.99 அடியாகக் குறைக்கச் சொன்னது. பிறகு எந்த மாதத்தில் எவ்வளவு தேக்கலாம் என்று காட்டும் ரூல் கர்வ் நடைமுறைக்கு வந்தது. 2021 அக்டோபரில் அதன்படி கேரளப் பக்கம் தண்ணீர் திறக்கப்பட்டபோது தேனியில் போராட்டங்கள் நடந்தன. அடுத்த மாதம் பேபி அணையைப் பலப்படுத்தத் தடையாக நிற்கும் 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது, சில நாளில் அந்த அனுமதி ரத்தானது. பதினைந்து மரம்! 2022-ல் கண்காணிப்புக் குழுவில் இரு மாநிலங்களிலிருந்தும் ஒரு தொழில்நுட்ப நிபுணரைக் கூடுதலாகச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சண்டை தீரவில்லை. ஆனால் அது உட்கார்ந்து போடுகிற சண்டையாக மாறியிருக்கிறது.

உலக அளவில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியது சிந்து நதி ஒப்பந்தம். 1960-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டது. அதில் இரு நாட்டு ஆணையர்கள் கொண்ட நிரந்தர அமைப்பு ஒன்று இருந்தது. 1965, 1971, 1999 என்று மூன்று போர்களை அந்த ஒப்பந்தம் தாண்டியது. தண்ணீரை மற்ற எல்லாப் பகையிலிருந்தும் பிரித்துத் தனிப் பெட்டியில் வைத்ததால்தான் அது சாத்தியமானது. 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது, அட்டாரி எல்லைச் சாவடியும் அதோடு மூடப்பட்டது. தண்ணீரும் வணிகமும் ஒரே நாளில் ஆயுதமாயின. இரண்டு நாடுகளின் விவகாரத்தையும் ஒரே நாட்டுக்குள் இருக்கும் இரண்டு மாநிலங்களின் விவகாரத்தையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் கம்பத்தில் இருப்பவர்களுக்கு அட்டாரியில் நின்ற லாரிகளைப் பார்த்தால் 2011 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது.

இப்போதெல்லாம் எல்லையில் பாதுகாப்பு என்பது சின்னச் சின்ன வேடங்களில் வருகிறது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்றால் தேனி மாவட்டச் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்பி, மற்ற வண்டிகளுக்கு மருந்து தெளிப்பார்கள். தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று 2015 வாக்கில் கேரளா குரல் எழுப்பியது. 2020-ல் கரோனா வந்தபோது மூன்று சாலைகளும் அடைபட்டன, தோட்டத்துக்கு ஆள் போகவில்லை, ஏலக்காய் ஏலமும் நின்றது. இவற்றில் சிலவற்றில் அரசியல் கலந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி, ஒரு பரிசோதனை, ஒரு தேதி இருக்கிறது. பூச்சிமருந்தை ஆய்வகம் அளக்கும். கோழிக் காய்ச்சல் முடிந்தால் வண்டி போகும்.

ஏலக்காய் விஷயம் இன்னும் சுவாரசியம். இந்தியாவின் சிற்றேலத்தில் பெரும்பகுதி இடுக்கி மலைகளில் விளைகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டு இடங்களில் நடக்கிறது, ஒன்று கேரளப் பக்கம் வண்டன்மேடு அருகே புற்றடி, இன்னொன்று தமிழ்நாட்டுப் பக்கம் போடி. ஒரே காய், ஒரே வியாபாரிகள், இரண்டு மாநிலங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இரவில் தலைச்சுமையாக இறங்கிய சரக்கு, இன்று பில் போட்டுக்கொண்டு பகலில் இறங்குகிறது.

கூடலூருக்கு மேலே, எல்லைக் கோட்டின் மீது, மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. அது யாருடைய மண்ணில் இருக்கிறது என்பதில் இரண்டு மாநிலங்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். அதற்கு முன்னால் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி எத்தனை ஜீப், என்ன கட்டணம், எங்கே குடிநீர், எந்த இடத்தில் யார் போலீஸ் என்று எழுதிக்கொள்கின்றன. மண் யாருடையது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுபவர்களும் குமுளியிலிருந்து ஜீப்பில் வருபவர்களும் மேலே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.